நீங்க முன்னாடி போங்க

"ஆன்ட்டி, இன்னாத்துக்கு இப்பிடி நடுங்கிகினு கீறீங்க? ஒண்ணும் ஆவாது."

பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டதும் தெரசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்துத் திரும்பவும் ரத்தம் பட்டிருக்கிறது. இந்தக் கொரட்டூர் கிளினிக் வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பி ஓடியவள் அவள். ஐம்பத்திரண்டு வயதுக்கு நல்ல ஓட்டம்தான்.

"உள்ளே ஏதோ கருவி வெச்சுப் பாப்பாங்களாமே. ரொம்ப வலிக்குமாம்மா?"

"சின்ன சைஸ் வேணும்னு கேளுங்க. வெந்நீர்ல முக்கிட்டு வைக்கச் சொல்லுங்க, ஜில்லுனு இருக்காது. மூச்சைப் புடிச்சு வெக்காதீங்க, மெதுவா வெளிய உடுங்க. முடியலன்னா கையத் தூக்குங்க, டாக்டரம்மா உடனே நிறுத்திடுவாங்க."

"துணியைக் கழட்டணுமே..."

"ஸ்கிரீன் இழுத்துடுவாங்க. மேல போர்வை போத்திக்கலாம். எதுக்குக் கூச்சம்?"

லாவண்யா என்ற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். தெரசாவின் கையிலிருந்த டோக்கனை எட்டிப் பார்த்தாள்.

"இருபத்தொண்ணா? அதுவரிக்கும் உக்காந்துகினு இருந்தா பயம் ஏறிடும். இந்தாங்க, என்னுது பதினாலு, அடுத்து இதான். நீங்க முன்னாடி போங்க, நான் உங்களுதுல போய்க்கிறேன்."

மறுக்கத் தோன்றவில்லை. நர்ஸ் பதினாலைக் கூப்பிட்டதும், மாதாவை வேண்டிக்கொண்டு தெரசா உள்ளே போனாள்.

லாவண்யா சொன்னதை ஒன்று விடாமல் கேட்டாள். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. நடுவில் தெரசா ஒரு முறை கையைத் தூக்கினாள். டாக்டரம்மா அப்படியே நிறுத்திவிட்டு, அவள் சரி என்ற பிறகுதான் தொடர்ந்தார். மொத்தமே ஐந்து நிமிடம். சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

"இப்பவாவது வந்தீங்களே. உள்ளேயிருந்து எடுத்த சாம்பிளை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்த தெரசா லாவண்யாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ மகராசியா இருக்கணும்மா. அப்படியே நீ சொன்ன மாதிரிதான்!"

லாவண்யாவின் கைகள் சில்லிட்டிருந்தன. "நெசமாவே வலிக்கலியா ஆன்ட்டி? கையத் தூக்குனதும் நிறுத்திட்டாங்களா?"

அடுத்தவரைக் கூப்பிட வந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னிக்கும் டோக்கனைத் தூக்கிக் குடுத்துட்டியா லாவண்யா? தீராத வயித்து வலியை வெச்சுகிட்டு, நாலு வாரமா வெளிய வர்றவங்ககிட்ட கதை கேட்டுகினு உக்காந்திருக்கியே, நீ எப்பதான் உள்ள வரப்போறே?"