பாக்கெட்டில் ஒரு கை

பெரியவருக்குக் காது மடல்வரை சூடேறியது. பத்து நிமிடமாகக் கவனிக்கிறார். ‘இந்தக் கடைக்குத்தான் போகணும்’ என்று மகள் அடம்பிடித்ததால் அவர் கொண்டுவந்த பழைய ஸ்டீரியோ ரேடியோ செட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, டயல் விளக்கு எரிய எரிய உள்ளே குடைந்துகொண்டிருந்தான் மெக்கானிக். வலது கை மட்டும்தான் வேலை செய்தது. இடது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வரவே இல்லை.

“ஒரு பக்கம் சத்தமே வரலைன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு சார். அதைத்தான் பாக்கறேன்.”

“வயசுல பெரியவன் நின்னு பேசறேன், பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டுப் பதில் சொல்றே. என்ன திமிரு! கைய வெளிய எடு!”

மெக்கானிக் நிமிர்ந்தான். “திமிர் இல்ல சார். செட்டுல கரண்ட் ஓடுது. ரெண்டு கையும் உள்ள இருந்தா, ஷாக் ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா அடுத்த கைக்குப் போயிடும்.”

“அவ்வளவு உயிர்ப் பயமா?”

“எனக்கில்ல சார். நான் ரெண்டு கையும் விட்டுக் குடையறவன்தான். கட்டிக்கப்போற பொண்ணு சத்தியம் வாங்கிட்டா. அவங்கப்பா வேற முன்கோபக்காரராம். அவர்கிட்டப் போய்ச் சம்மதம் கேக்கற வரைக்குமாவது உயிரோட இருக்கணுமே!”

பெரியவர் வாசல்வரை போய், மகள் சொல்லி அனுப்பிய கடையின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சரி பண்ணி நீயே வீட்டுக்குக் கொண்டு வந்துடு.”

“அட்ரஸ் சார்?”

“சத்தியம் வாங்கினவகிட்டயே கேளு. அந்த முன்கோபக்காரன் வீடுதான்.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிச் செட்டுக்குள் விழுந்தது. பதற்றத்தில் இரண்டு கையையும் உள்ளே விடப்போனான்.

“கரண்ட் ஓடுது மாப்ளே!” என்று அலறினார் பெரியவர். “கைய பாக்கெட்ல போடுங்க!”