ஞாயிற்றுக்கிழமை கேரியர்

"இன்னாண்ணா, அண்ணி இன்னிக்கும் உன்ன எறக்கி வுட்டுட்டுப் பறந்துடுச்சா?"

பிராந்திக் கடை வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் கஸ்தூரிதான் கேட்டாள். வாயைச் சும்மா வைத்திருந்தால் அவளுக்கு ஆம்லெட் வேகாது.

"கோயிலுக்குப் போயிருக்கா. பாகூர் சிவன் கோயிலு" என்றான் விஜயராஜ். ஒரு குவார்ட்டர் முடிந்திருந்தது.

"கேரியர்ல கறிக்கொழம்பு எடுத்துக்கினா?"

"கறிக்கொழம்பா?"

"மசாலா வாசன எனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம, மத்தியானத்துல எந்தக் கோயிலுண்ணா தொறந்திருக்கும்? நடைய சாத்திட்டு குருக்கள் தூங்கப் போயிருப்பாரு."

விஜயராஜ் ஆம்லெட் தட்டைத் தள்ளி வைத்தான்.

கடலூர்ப் பக்கத்து ஆட்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் பொழுது போகும். இந்தப் பக்கம் புதுச்சேரி. சரக்கு விலை குறைவு. ஆனால் பொண்டாட்டியே ஸ்கூட்டர் ஓட்டிவந்து கடை வாசலில் இறக்கிவிடுவது விஜயராஜை மட்டும்தான்.

ரெண்டு வருஷம் முன்னால்வரை அவனேதான் ஓட்டிக்கொண்டு வருவான். ஒருநாள் முன்பக்கம் நசுங்கிய வண்டியோடு வீட்டுக்கு வந்தான். "நாய் குறுக்க வந்துடுச்சுடி" என்றான்.

மறுநாளிலிருந்து இளவரசி சாவியைத் தரவில்லை. அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். குடியை நிறுத்த முடியவில்லை. ஒரே மாதத்தில் தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, "குடிச்சே தீரணும்னா என் பின்னாடி உக்காந்து வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவனும் ஜாலியாக உட்கார்ந்து வந்தான். இந்தக் கொடுப்பினை எவனுக்குடா கிடைக்கும் என்று சிநேகிதர்களிடம் பீற்றிக்கொண்டது வேறு.

இன்றைக்கு அந்தப் பீற்றலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ரெண்டு மணிக்கு இளவரசி வந்து வண்டியை நிறுத்தினாள். விஜயராஜ் கேரியரைப் பிடுங்கித் திறந்தான்.

"காலி. கழுவி வேற குடுத்திருக்கான். யாருடி அவன்?"

கடை வாசலே திரும்பிப் பார்த்தது. கஸ்தூரி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாங்க."

"எந்த வூடு? இப்ப சொல்லலன்னா நீ உங்க அப்பன் வூட்டுக்குப் போயிடு. இன்னியோட நமக்குள்ள ஒண்ணும் கெடையாது."

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு நாள் வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள்.

"ஏறுங்க. காட்டறேன்."

கிருமாம்பாக்கம் போய்ச் சேரும்வரை அவன் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். அந்த ஆளைப் பார்த்ததும் எங்கே அடிப்பது, எப்படி அடிப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டுவைத்திருந்தான்.

ஒரு சந்தில், ஓட்டு வீட்டின் முன்னால் அவள் வண்டியை நிறுத்தினாள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கக்கத்தில் கட்டை. லுங்கிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது.

விஜயராஜ் ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

"இன்னா தங்கச்சி, எதையாச்சும் மறந்துட்டியா? இவருதான் மாப்பிள்ளையா?"

"ஆமாண்ணே." இளவரசி வண்டியை விட்டு இறங்கினாள். "வேண்டுதல்னு சொல்லித்தான் இத்தினி நாளா உங்களுக்குச் சோறு கொண்டாந்தேன். அது பொய்யிண்ணே."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்களே, எனக்கு மனசு கேக்கல. அந்த ரோட்டுல கட கடயா ஏறி எறங்கி விசாரிச்சேன். நாய் இல்லங்க. சைக்கிள்ல பால் ஊத்தப் போன இந்த இன்னாசி அண்ணன். பொண்டாட்டி முன்னாடியே செத்துட்டாங்க. ஒத்த ஆளு. காலு போயிடுச்சு."

நாய் இல்லை என்பது விஜயராஜுக்கும் அன்றைக்கே தெரியும். போதை முழுக்க இறங்கிவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்கண்ணே" என்றாள் இளவரசி. "நான் குறுக்க வர மாட்டேன். உங்க மூஞ்சப் பாத்துப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அசிங்கமாயிடுச்சு."

இன்னாசி கட்டையை ஊன்றிப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"படில உக்காராத தம்பி. வெயிலு சுடும். உள்ள வா."

அவன் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது.

இன்னாசி வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டினார். முன்பக்கத்து நசுங்கல் இன்னும் அப்படியே இருந்தது.

"ரோட்டுல கெடந்தப்பவே இதோட நம்பரப் பாத்துட்டேன் தங்கச்சி. ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்ததும், கம்ப்ளெயின்ட் எழுதிப் பையில வெச்சிக்கினு, ஸ்டேஷனுக்குப் போவ இதே வாசல்ல ஆட்டோவுக்காக நின்னுக்கினு இருந்தேன். அப்பத்தான் நீ அதே வண்டில சோத்தோட வந்து எறங்கின."