பொம்பளை வாய்

ஜெயராஜும் பிரமிளாவும் லிஃப்டுக்குள் நுழைந்ததுமே பக்கத்து வீட்டுக் காமாரியா கேட்டாள்: “பிரமிளா, ஒங்கப்பா பத்து காவான் டவுன்ல ஒனக்கு வீடு வாங்கித் தர்றாராமே? சொல்லவே இல்லயே லா!”

பிரமிளா சிரித்து மழுப்பினாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஜெயராஜ் சீறினான். “பொம்பளைங்களுக்கு வாய் சும்மாவே இருக்காதா? ஒங்கக்காகிட்ட சொன்னியா?”

“அவகிட்ட நான் பேசியே ரெண்டு மாசமாச்சு.”

“அப்புறம் எப்படி வெளிய போச்சு? ஒனக்குக் கரு கலைஞ்சப்பவும் இப்படித்தான். நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள கீழ மாமாக் சாப்பாட்டுக் கடை வரைக்கும் பேச்சு. ஒங்கக்கா வேலைதான்னு நான் சொல்லல?”

“சொன்னீங்க. அத நம்பித்தான், சூப்பு வச்சு எடுத்துக்கிட்டு வந்தவள வாசல்லயே நிக்க வச்சு, இனிமே வராதேன்னு அனுப்புனேன்.” பிரமிளா கைப்பேசியை எடுத்தாள். “எங்கப்பா வீடு எதுவும் வாங்கல.”

“என்னது?”

“அது நானா கட்டுன கதை. நேத்து ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன், வெளிய சொல்லாதீங்கன்னு. ஒங்ககிட்ட.”

ஜெயராஜ் இழுத்தான். “நான்... காமாரியா வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான்...”

பிரமிளா அதைக் கேட்கவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள்.

“அக்கா, நான்தான். போன வச்சிறாதே.”