நேரலைக்கு முன்

2024 நவம்பர் 11, கம்பம்: தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தேசிய வீடியோ கேம் போட்டியில் வென்று தேவயானி ஊர் திரும்பியிருக்கிறாள்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. திராட்சைப் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விளையாட்டுச் செய்தியாளர் நிர்மல் நெற்றிப் பவுடரைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்கிறார். சிக்னல் கிடைக்காததால் கேமராவிலிருந்து ஒரு வயர் தேவயானி வீட்டு இணையப் பெட்டிக்குப் போகிறது. போன வருடம் அவள் இறுதிச் சுற்றில் தோற்றபோது, "கட்டைவிரல் வலிக்கிறதெல்லாம் விளையாட்டா?" என்று திரையில் சிரித்தவர் இவர்தான். அதற்குப் பிறகு அவள் அம்மா பாண்டீஸ்வரி கடைத்தெருவுக்குப் போனாலே, "ஒம்மக வெரலுக்குத் தைலம் வேணுமா?" என்று கேட்டார்கள். "நேரலைக்கு ரெடியாம்மா?" என்று தேவயானியிடம் கேட்கிறார் நிர்மல். "அன்னைக்கு நீங்க சிரிச்சது தப்புன்னு மொதல்ல அதே டிவில சொல்லுங்க சார். பெறகு பேசுறேன்." "சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க." தேவயானி எழுந்துபோய் வயரைப் பிடுங்குகிறாள். கேமராவில் எரிந்த பச்சை விளக்கு அணைகிறது. அவசரமில்லாமல் வயரை முழங்கையில் சுற்றுகிறாள். காப்பித் தம்ளரோடு வந்த பாண்டீஸ்வரி, "வீடு தேடி வந்தவுகடி" என்று முணுமுணுக்கிறாள். "இவுக சிரிச்சதும் வீடு தேடித்தான் வந்துச்சு, ஆத்தா." நிர்மல் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றுகிறார். கேமராக்காரர் குனிந்து லென்ஸைத் துடைக்கிறார். அடக்கிய சிரிப்பில் அவருடைய தோள் குலுங்குகிறது.

ஆறு மணி விளையாட்டுச் செய்தியில் அவளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பழைய கபடி ஆட்டம் ஓடுகிறது.