மூன்றாம் நாள் இமை

காலை வெயில் கட்டிலில் விழுகிறது. தொங்கிய மேலிமைகளை வெட்டித் தைத்துக்கொண்ட கணவர் கைக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். நாளை மறுநாள் மேலாளர் பதவிக்கு நேர்காணல். அதற்காகத்தான் இந்த இளமை. இடது இமையில் வீக்கம் வடிந்துவிட்டது. வலது இமை கத்தரிக்காய் நிறத்தில் உப்பிக் கிடக்கிறது. வீக்கத்து நீர் பள்ளம் பார்த்து இறங்கும் என்பதால்தான் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இவரோ நேற்றிரவு கழுத்து வலிக்கிறதென்று அவற்றை உதறிவிட்டு, வலப்பக்கம் சாய்ந்து சுகமாகக் குறட்டை விட்டார். மனைவி ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றுகிறாள். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அழுகை இல்லை, இமை முழுதாக மூடாததால் காய்ந்துபோன விழி தானே நீரைக் கொட்டுகிறது. “தூங்கும்போதும் பாதி திறந்தேதான் இருக்கு,” என்கிறாள். “ஐயையோ, அப்படியே நின்னுடுமா?” “ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரே. ஆகலைன்னாலும் நல்லதுதான். மீட்டிங்ல நீங்க தூங்குறது இனிமே யாருக்கும் தெரியாது.” அவர் கண்ணாடியைத் தாழ்த்துகிறார். கொஞ்சமாவது உறைத்ததா என்று அவள் அந்த முகத்தையே பார்க்கிறாள். “நிஜமாவா?” என்கிறார், ஆசையாக.