சனிக்கிழமைப் பார்வையாளர்

"இன்னைக்கோட மூடறேனுங்கம்மா. திங்கக்கிழமை ஆளுங்க வந்து சுவத்த இடிக்கறாங்க."

குருமூர்த்தி சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். எதிரே நின்றவள் முத்தாயம்மாள். மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி, சனிக்கிழமை தவறாமல் வருகிறவள். அவனுடைய புகைப்படக் காட்சிக்கூடத்துக்கு மிச்சமிருந்த ஒரே பார்வையாளர்.

"அப்பறம் நீ என்ன பண்ணுவ சாமி?"

"மச்சான் கடையில வந்து ஒக்காரச் சொல்றாரு. மோட்டாரு விக்கற கடை."

"உனக்கு ஒத்துவருமா?"

"இனி எங்க ஒக்காந்தா என்னங்கம்மா."

அவள் கையிலிருந்த தூக்குப்போசியை மேசைமேல் வைத்தாள். "கொள்ளுப் பருப்பும் சோறும் இருக்குது. என்ற பையன் தமிழரசுக்குப் புடிச்சது. நீ சாப்புடு."

திருச்செங்கோட்டில் இப்படியொரு இடத்தை அவன் திறந்தபோது ஊரே கேலி பேசியது. சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் பெரிய பெரிய முகங்கள். எல்லாம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போகிற பையன்கள். சேறு தெறித்த அந்த முகங்களில் குருமூர்த்தி கலையைப் பார்த்தான். வந்தவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஆள் போய்விட்டான் என்றுதான் இந்தப் பக்கத்தில் அர்த்தம். திறப்பு விழாவுக்கு வந்த பாதிப் பேர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். ஒரு பெரியவர், "இத்தன பேரும் ஒரே வண்டியிலயா போனாங்க?" என்று துக்கமே விசாரித்துவிட்டார்.

எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் வரத் தொடங்கியது. மாதக்கணக்கில் ஊர் திரும்பாத மகனையும் புருஷனையும் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கி, "அங்க பாரு, உங்கப்பன்" என்று காட்டினார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள், சம்பந்தம் பேசினார்கள். 'போட்டோ ஊடு' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். பிறகு எல்லார் கைக்கும் போன் வந்துவிட்டது. வீடியோவில் ஆளையே பார்க்கிறபோது படத்தைப் பார்க்க எதற்கு பஸ் ஏற வேண்டும்?

முத்தாயம்மாள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். மகன் தமிழரசின் படத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு குருமூர்த்தியோடு பேசிக்கொண்டிருப்பாள். "பையன் எப்பங்கம்மா வாரான்?" என்றால், "வருவான் சாமி" என்பாள். அந்தக் குரலைக் கேட்டபின் மேலே கேட்க இவனுக்கு வாய் வராது. போன் பண்ணாத பிள்ளை போலும் என்று நினைத்துக்கொள்வான்.

உண்மையைச் சொன்னால், அவன் இத்தனை நாள் கதவைத் திறந்து வைத்திருந்ததே அவளுக்காகத்தான். கேமராக்களை விற்றாயிற்று. பின்னறையில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்து, இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரு வேளையாக்கியாயிற்று. அந்தத் தாய்க்கு மகன் இருக்கிற ஒரே இடத்தை எப்படிப் பூட்டுவது? இப்போது கட்டடத்தையே இடிக்கிறார்கள். அவனால் ஆவதற்கு ஒன்றுமில்லை.

"தமிழரசு படத்த நீங்களே எடுத்துக்கங்கம்மா."

"வேண்டாஞ் சாமி. ஊட்டுச் சுவத்துல மாட்டுனா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். படத்தைத்தான் பார்க்கிறாள் என்று குருமூர்த்தி மறைக்காமல் விலகி நின்றான்.

அவள் போனபின் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். யாருக்கும் வேண்டாத படங்கள். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தான். அதுவும் இப்போது சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. தமிழரசின் படத்தை மட்டும் அந்தக் குவியலில் வைக்க மனம் வரவில்லை. மாட்டாவிட்டால் போகிறது, பெட்டியிலாவது இருக்கட்டும் என்று துணியில் சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் மல்லசமுத்திரம் கிளம்பினான்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். கதவைத் திறந்தவள் முத்தாயம்மாளின் மகள் பிரவீனா. "போட்டோ ஊட்டு அண்ணனுங்களா? உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். எதிர்ச் சுவரில் தமிழரசு. அவன் எடுத்த அதே படம். நெற்றியில் குங்குமப் பொட்டு, மேலே சந்தன மாலை. முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அவனுடைய கூடத்து டியூப்லைட், படத்தின் கண்ணாடியில் பட்டு விழுந்த வெளிச்சம்.

"வேற போட்டோ இல்லைங்கண்ணா. முன்னால அம்மாகூட அங்க வந்தப்ப நாந்தான் போன்ல எடுத்தேன். காரியத்துக்கு அதையே பெருசு பண்ணிட்டோம்" என்றாள் பிரவீனா. "அண்ணன் சத்தீஸ்கர்ல வண்டி கவுந்து போயி அஞ்சு வருசமாச்சுங்க."

அவன் துணி சுற்றிய படத்தைக் கீழே வைத்தான். "அப்பறம் எதுக்கும்மா வாராவாரம் வந்தாங்க?"



"கருமாதி முடிஞ்சதும் படத்தக் கழட்டச் சொல்லத்தானுங்க அம்மா அங்க வந்துச்சு. அதுக்குள்ள நீங்க, 'அம்மா நீங்க ஒருத்தர் வாரதாலதான் நான் உசுரோட இருக்கறேன்'னீங்களாம். பயந்து போயி, ஒண்ணும் சொல்லாம வந்துருச்சு. 'என்ற பையனத்தான் காப்பாத்த முடியல, இந்தப் பையனயாச்சும் பாத்துக்கறேன்'னு, அன்னையிலருந்து முட்டிவலியோட பஸ் ஏறுது."

"இப்ப அம்மா எங்க?"

"மத்தியானம் வந்ததுலருந்து பச்சத்தண்ணி குடிக்கலைங்கண்ணா. 'மூடறேங்குது அந்தப் பையன், மொகமே சரியில்ல, ஏதாச்சும் பண்ணிக்கப் போகுது'ன்னு, இப்பத்தான் மறுபடியும் உங்க ஊட்டுக்கே பஸ் ஏறிப் போகுது."