யாருடைய யோசனை?

"உன் கிராஃபைத் திருடிட்டாங்கடி!"

லஞ்ச் டப்பாவை மூடக்கூட விடாமல் வந்து சொன்னாள் வித்தியா. தாரிணியைப் போலவே அவளும் மனுகா நகரில், ஏழாம் எட்டாம் வகுப்புகள் மட்டும் உள்ள அந்த இன்டர்மீடியட் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவ ஆசிரியை.

"யாரு?"

"வேற யாரு, உன் ரதிதேவி மிஸ்தான். மீட்டிங் ரூமைத் தாண்டி வரும்போது காதுல விழுந்துச்சு. அந்த கிராஃப் முழுக்க அவங்க யோசனையாம், நீ அவங்க சொன்னதைத்தான் செஞ்சியாம். வெள்ளிக்கிழமை அவங்களுக்கு டீம் லீடர் ப்ரமோஷனுக்கு இன்டர்வியூ இருக்குல்ல!"

தாரிணிக்குச் சுருக்கென்றது.

வகுப்பு ஆசிரியை ரதிதேவியும் மாணவ ஆசிரியை தாரிணியும் சேர்ந்து உட்கார்ந்து பாடம் தயாரிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் போன வியாழன் ரதிதேவி வெளியே ஒரு வேலையாகப் போயிருந்தார். மாற்றாக வந்த டீச்சர் மூலையில் உட்கார்ந்துகொள்ள, தாரிணியே வகுப்பை நடத்தினாள். 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எத்தனை படுக்கையறை?' என்று கேட்டு, அவரவர் பெயரைப் போட்டுக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டவைத்தாள். அதுதான் சுவரில் ஒட்டிய அந்த கிராஃப். கணக்கு என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகள் அன்று மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. சென்னையை விட்டு இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் தானும் ஒரு டீச்சர் என்று அவளுக்குத் தோன்றியதே அன்றுதான்.

விறுவிறுவென்று வகுப்புக்குப் போனாள். ரதிதேவி நாற்காலி மேல் ஏறி நின்று சுவரிலிருந்து கிராஃபைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் மிஸ் எடுக்கிறீங்க?"

"வேறை ஒண்டு செய்வம். நாளைக்கு ரெண்டு பேருமா இருந்து வேறை கேள்வி யோசிப்பம்."

"இது உங்க யோசனைன்னு மீட்டிங்ல சொன்னீங்களா?"

"ஓம், சொன்னனான்." அந்த முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. "இப்ப அதைக் கதைக்க வேண்டாம். நீர் போய்ச் சாப்பிடும்."

இருபது வருட சர்வீஸ், வாய் கூசாமல் சொல்கிறாரே! தாரிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சி அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவதும் இவர்தான். ஃபெயில் போட்டால் போடட்டும் என்று நேரே துணை பிரின்சிபால் ஹெலனின் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், அந்த கிராஃப் என் யோசனை. ரதிதேவி மிஸ்ஸுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை!" என்று ஆங்கிலத்தில் படபடவென்று கொட்டினாள்.

ஹெலன் ஒரு கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு மாணவியின் அம்மா எழுதியது.

'எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது ஆறு பேர்தான். வீடு கிடைக்காத என் தங்கை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அதை என் மகள் பெயரோடு பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் நாங்கள் எங்கே போவோம்? இதைக் கேட்ட டீச்சர் யார்?'

பன்னிரண்டு என்று அந்தப் பெண் சொன்னதும் வகுப்பே கைதட்டியது. முதலில் தட்டியது தாரிணிதான்.

"மாணவ ஆசிரியர் செய்தது என்றால் நான் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். பயிற்சி அத்தோடு நின்றுவிடும்" என்றார் ஹெலன். "ரதிதேவி பொறுப்பேற்றுக்கொண்டார். பாவம், அவருடைய இன்டர்வியூவைத்தான் நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது."

தாரிணி கதவைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விடலாம். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"இல்லை மேடம். நிஜமாகவே அது என் கேள்விதான். நான்தான் கேட்டேன்."

ஹெலன் சிரித்தார்.

"'தாரிணி தங்கமான பெண், என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள், நம்பிவிடாதீர்கள்' என்று ரதிதேவி அப்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்!"